மாஸ்ரருக்கு மட்டும் மீன்

என்னை மருந்து என்று சொன்னவர் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். மற்ற எல்லோரும் வருத்தம், தீராத நோய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி இன்று காலையிலும் சொன்னாள். மருந்து என்று சொன்னவர் ஓர் ஆபிரிக்க டொக்ரர், மனவருத்தத்துக்குப் பார்க்கிறவர். அவருடைய நாட்டில் அந்தப் படிப்பைப் படித்து முடித்த முதல் ஆள் அவர்தானாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து மதிலைப் பாய்ந்து ஓடிய முதல் ஆள் நான். அப்படிப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேருமே முன்னோடிகள்.

எண்பத்தாறாம் ஆண்டு, ரொறன்ரோவில் நல்ல பனிக்காலம். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்டில் ஐந்து ஆம்பிளைகள் இருந்தோம். எல்லோரும் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்கள். எல்லோருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மூத்தவரை அண்ணை என்போம். ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே ஒரு பக்ரறியில் பெட்டி மடித்தாலும் வீட்டுக்கு வந்தவுடன் மனேஜர்தான். அடுத்தது இரண்டு சகோதரர்கள். இரவு வேலை செய்தார்கள். அவர்களை நான் நித்திரையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிறகு நான். ஐந்தாவது ஆள் மாஸ்ரர்.

மாஸ்ரர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே என்னோடு ஒரு ரெஸ்ரோறன்ரில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். நான் கழுவினால் கோப்பை உடையும், அவர் கழுவினால் கோப்பை பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் நிற்கும். கலியாணமாகாதவர். தகப்பன் இல்லை. ஊரில் தாய் ஒருத்திதான். அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்ரர் உடுப்புத் தோய்க்கக் கீழே போயிருந்த நேரம் ரெலிபோன் அடித்தது. அண்ணை எடுத்தார். லண்டனில் இருக்கிற மாஸ்ரரின் தாய்மாமன். அண்ணை "ஓம்… ஓம்… எப்ப?" என்றார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மாஸ்ரற்றை தாய் மோசம் போயிட்டா. ரெண்டு நாள் காய்ச்சலாம். எல்லாம் முடிஞ்சுது. கொள்ளி வைச்சது பெறாமகனாம்."

"இப்ப மேல வரப்போறார் அண்ணை. ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லுறேல்லை. மாமன் சொல்லவேண்டாமாம். வழக்குக் கிட்டுதல்லோ, ஆள் இடிஞ்சுபோவான். நல்லாச் சாப்பிட்டு உடம்பு தேறட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

எங்கள் பக்கத்தில் அது புதிது இல்லை. வெறும் வயிற்றோடு நிற்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டோம். செய்தி கேட்டபிறகு அவன் எப்போது வாய் நனைப்பான் என்று ஆருக்குத் தெரியும்? ஆகவே இரண்டு பிடி சோறு உள்ளே போகட்டும் என்று காத்திருப்போம்.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கதையை எழுதவேண்டி வந்திருக்காது. அண்ணைக்கு இன்னொரு யோசனை வந்தது.

"டேய், இது இப்ப சாவுத் துடக்கு வீடு. முப்பத்தொண்டாம் நாள் கழியுமட்டும் மீன் மச்சம் கூடாது."

"நாங்கள் என்ன சொந்தமே அண்ணை?"

"ஒரு சட்டியிலை தின்னுறம். உதுக்கு மேலை என்னடா சொந்தம்?"

"அப்ப மாஸ்ரருக்கு?"

அண்ணை யோசித்தார். மாஸ்ரர் மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத ஆள். ஐஸ் போட்ட அறக்குளா மீனாக இருந்தாலும் தலையைச் சூப்பித்தான் விடுவார். "அவனுக்கு மட்டும் காய்ச்சு" என்றார் அண்ணை. "மீனை நிப்பாட்டினா அவனுக்கு விளங்கீடும்."

சமையல் என் பொறுப்பு. அன்றிலிருந்து எங்கள் நான்கு பேருக்கும் பருப்பும் கத்தரிக்காயும், மாஸ்ரருக்கு மட்டும் மீன். ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் துண்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது.

மாஸ்ரர் மூன்றாம் நாளே கேட்டார். "என்ன, ஒருத்தரும் மீன் தொடுறியளில்லை?"

அண்ணை, வழக்கு வெல்ல முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார். சகோதரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்கூட்டி யோசிக்கிற பழக்கம் இல்லை. "எனக்கு இப்ப மீன் ஒத்துக்கொள்ளுதில்லை மாஸ்ரர், உடம்பெல்லாம் கடிக்குது" என்று கையைச் சொறிந்து காட்டினேன்.

"போன கிழமை என்ர கோப்பையிலை கிடந்ததையும் எடுத்துத் திண்டனீர்."

"அதுதான் மாஸ்ரர் கடிச்சது."

கணக்குப் படிப்பித்த மனுசன். நான்கு பேர் ஒரே நாளில் மீனை விட்டார்கள். நான்கு பேருக்குமாக மூன்று காரணம். அவருக்கு மட்டும் பெரிய துண்டு. அவர் குசினிக்குள் வந்தால் கதை நின்றுவிடும். பிறிட்ஜ் இரைவது மட்டும் கேட்கும். இந்தக் கணக்குக்கு அவர் போட்ட விடை: நஞ்சு.

முதலில் மீனை விட்டார். பிறகு சோற்றை விட்டார். பிறகு தோலோடு இருக்கிறதை மட்டும் சாப்பிட்டார். வாழைப்பழம், தோடம்பழம், அவித்த முட்டை. முட்டையையும் தானே அவித்து, கோதில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அண்ணை குசினிக்குள் வந்து என்னிடம் குசுகுசுப்பார்: "சாப்பிடுறானில்லையேடா. எப்பிடிச் சொல்லுறது?" அந்தக் குசுகுசுப்பும் மாஸ்ரருக்குக் கேட்கும்.

கடைசியில் ஒரு நாள் ரெஸ்ரோறன்ரில், கோப்பை அடுக்கோடு சேர்ந்து மாஸ்ரர் விழுந்தார். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்து முதலில் என்னைத்தான் ஏசினார். பழக்கதோசம்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி ஆளை எழுப்பினார்கள். எழும்பினவர் கையால் கழுத்தை அறுக்கிறமாதிரிக் காட்டி, "வீட்டிலை நஞ்சு வைக்கினம்" என்று தமிழில் சொன்னார். மாஸ்ரருக்கு இங்கிலிஷ் வாசிக்க வரும், வாய் வராது. எனக்கு வாசிக்க வராது, வாய் வரும். ஆனால் நான் பழகினது குசினி இங்கிலிஷ். அதில் பாதி, பெண்கள் நிற்கிற இடத்தில் சொல்லக்கூடாது. அந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தேடி அவர்களுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

இளம் டொக்ரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். மாஸ்ரர் எங்களை எல்லாம் கொலைகாரர் என்று ஒரு பாடமே நடத்தினார். நான் மொழிபெயர்த்தேன்: "சாப்பாடு சரியில்லையாம்." ஆனால் மாஸ்ரர் காட்டிய கையும், முழித்த முழியும் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டன. திங்கட்கிழமை ஆளைப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போவதாகவும், எவ்வளவு காலம் என்று இப்போது சொல்லமுடியாது என்றும் சொன்னார்கள்.

அதைக் கேட்ட அண்ணை நிலத்தில் இருந்துவிட்டார். "அங்கை போனா வழக்கும் போச்சு, ஆளும் போச்சு. நாளைக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?" என்றார். அப்போதும் அவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று படவில்லை. எனக்கும் படவில்லை. "ரெண்டு வாய் சாப்பிட்டானெண்டாச் சொல்லிப்போடலாம்" என்பதுதான் இரண்டு பேருடைய பேச்சும்.

அடுத்த நாள் மாஸ்ரரின் கட்டிலடியில் இருந்தேன். நேரம் முடிந்தது, வெளியே போ என்று நேர்ஸ் சொல்லிக்கொண்டிருக்க, வயதான ஒரு டொக்ரர் வந்தார். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சப்பாத்து முகம் பார்க்கலாம்போல மினுங்கியது. ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் அரைக்கையோடு நிற்க, அவர் கழுத்தில் தடித்த கம்பளிச் சால்வை. கோட்டுப் பொக்கற்றிலிருந்து கச்சான் கடலை எடுத்து மென்றுகொண்டே என்னைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டார்.

நேர்ஸ், வந்து பார்க்கிற ஆள் என்றாள்.

"நோயாளியோட வந்தவர் எண்டு சொல்லும்" என்றார். "இவர்தான் மருந்து. மருந்தை வெளியிலை விட்டிட்டு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

அவர் பேசியது இங்கிலிஷ். என்னிடம் இருக்கிற தமிழில்தான் உங்களுக்குத் தரமுடியும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர் மாதிரிக் கதைத்தால் அது என் பிழை.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மாஸ்ரரைச் சொல்லச் சொன்னார். மாஸ்ரர் என்னைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"உவையள் நாலு பேரும் என்னைப் பற்றிக் குசுகுசுக்கினம். நான் போனா வாயை மூடுகினம். மீன் காய்ச்சுகினம், ஆனா தாங்கள் தொடமாட்டினம். எனக்கு மட்டும் போடுகினம். அதுவும் இந்தா, இவ்வளவு பெரிய துண்டு. காய்ச்சிறது உவர்தான். உவரையே மொழிபெயர்க்க விட்டிருக்கினம். உவர் உள்ளபடி சொல்லுவார் எண்டு நினைக்கிறீரோ?"

கடைசிக் கேள்வி என்னிடமா டொக்ரரிடமா என்று விளங்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன்: "மீன் பெரிசாம்."

டொக்ரர் ஒரு கச்சானை உடைத்தார். "ஒரு மீனுக்கு இவ்வளவு நேரம் கதைச்சவரோ?"

டொக்ரர் என்னை விடவில்லை. நான் வசனம் வசனமாகச் சொல்லும்வரை காத்திருந்தார். சொல்லி முடித்தேன். என் மேலேயே குற்றப்பத்திரம் வாசித்த முதல் ஆளும் நான்தான் என்று நினைக்கிறேன். அதன்பிறகு டொக்ரர் மாஸ்ரரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"குசுகுசுத்தனீங்களோ?"

அதுவரைக்கும் ஒருவரும் அதை என்னிடம் கேட்கவில்லை. மற்ற டொக்ரர்மார் மாஸ்ரரிடம் குரல் எத்தனை நாளாகக் கேட்கிறது, ஆர் குரல், ஆம்பிளையா பொம்பிளையா என்றெல்லாம் கேட்டார்கள். குசுகுசுத்த ஆள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

"ஓம்" என்றேன்.

"மீனைத் தொடாததும் உண்மையோ?"

"ஓம்."

"ஏன்?"

மாஸ்ரருக்கு இங்கிலிஷ் காது கொஞ்சம் உண்டு. நான் கதவைப் பார்த்தேன். டொக்ரர் எழும்பி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். விறாந்தையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லண்டன் மாமா, துடக்கு, முருகன், என் உடம்புக் கடி, பெரிதாகிக்கொண்டே போன துண்டு. டொக்ரருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தத் தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

"இவ்வளவையும் பார்த்திட்டு அந்த மனுசன் ஒண்டும் சந்தேகப்படாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பன்" என்றார். ஒரு பிடி கச்சானை என் கையில் போட்டார்.

ஜன்னலடியில் நின்று தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் அவர் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பன் செத்துப்போனார். பரீட்சை கிட்டுது, சொல்லவேண்டாம் என்று வீட்டிலிருந்து உத்தரவு. அந்த நகரத்தில் இருந்த அவருடைய ஊர்ச்சனம், அதுவரை அவரைத் திரும்பிப் பாராததுகள், திடீரென்று ஞாயிறு தவறாமல் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோழிக்காலெல்லாம் அவருக்குத்தான். "நல்லாக் கொழுத்தன்" என்றார். "எனக்கு ஒண்டும் தெரியாது, எண்டாலும் உள்ளுக்கை எல்லாம் தெரியும். ஒவ்வொரு கோழிக்காலோடையும் எனக்குப் பயம் கூடிச்சுது. ஆரோ என்னை விக்கப்போகினம் எண்டு நினைச்சன். பரீட்சையிலை பாசாகின அண்டைக்குத்தான் சொன்னவை."

படித்து முடித்து ஊருக்குப் போனால் நாடு முழுவதுக்கும் அவர் ஒருவர்தான் அந்த டொக்ரர். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்று இருந்ததாம். மதில் உயரம், சனம் சங்கிலியில். அவர் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் அறை எடுத்து நோயாளிகளைக் கொண்டுபோய் இருத்தினார். ஒரு சட்டம் மட்டும் வைத்தார்: ஒருத்தரும் தனியே வரக்கூடாது. தாயோ, மாமனோ, பெண்சாதியோ ஒரு ஆள் கூட வந்து தங்கிச் சமைக்கவேண்டும். முதலில் கிராமத்துச் சனம் பயந்து கதவைச் சாத்தினார்கள். அவர் பின்னேரம் பின்னேரம் போய் அவர்களோடு சொக்கட்டான் மாதிரி ஒரு விளையாட்டில் தோற்றுக்கொண்டிருந்தாராம். தோற்றுத் தோற்று அறை பிடித்தார். படித்த ஆட்கள் சிரித்தார்கள். பிறகு ஆமிக்காரர் நாட்டைப் பிடித்தார்கள். இவர் சால்வையோடு இங்கே வந்து சேர்ந்தார்.

"கூட வாற ஆள் எதுக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். "சமைக்க மட்டுமில்லை. நோயாளி சொல்லுறதை அவரிட்டையும் கேக்கவேணும். பாதி நேரம் வருத்தம் அவரிட்டைத்தான் இருக்கும்."

நான் கச்சான் கோதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சனிக்கிழமை எல்லாரும் வாங்கோ. சொல்லுவம்."

"அண்ணை விடமாட்டார் டொக்ரர். முதல் சாப்பிடவேணும். பிறகுதான் சொல்லலாம்."

"சொல்லாமல் அவர் சாப்பிடமாட்டார். அவர் சாப்பிடாமல் நீங்கள் சொல்லமாட்டியள். திங்கட்கிழமை வண்டி வந்திடும். எது முந்துது எண்டு உங்கடை அண்ணையைக் கேளும்."

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் ஏசினார். லண்டனுக்கு எடுத்து மாமனோடு கதைத்தார். மாமனும் ஏசினார். கடைசியில் அண்ணை வைத்திருந்த ஒரே கோட்டை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினார். அப்போது எனக்கு விளங்கியது, வருவார் என்று.

சனிக்கிழமை காலையில் டொக்ரர் ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருந்தார். சகோதரர்கள் இருவரும் வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் வந்து நின்றார்கள். இரண்டு பேருடைய கண்ணும் முழுதாகத் திறந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். மாஸ்ரர் வந்தார். எங்கள் நான்கு பேரையும் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றார்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "மாஸ்ரர்… அம்மாவுக்குக் கொஞ்சம்…" என்றார். "கொஞ்சம் கடுமை…" அதற்கு மேல் வரவில்லை.

அண்ணை என்ன சொல்கிறார் என்று டொக்ரர் என்னைக் கேட்டார். அம்மாவுக்குக் கடுமை என்கிறார் என்றேன். டொக்ரர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு மாஸ்ரருக்கு முன்னால் போய் நின்று, கையைப் பிடித்து, ஒரு வசனம் சொன்னார். நாலே நாலு சொல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நாலு சொல்லில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. சுருக்கவும் இடமில்லை. என்னுடைய வாழ்க்கையில் பகிடி வராத நேரம் அது ஒன்றுதான்.

"மாஸ்ரர்" என்றேன். "உங்கடை அம்மா செத்துப்போனா."

மாஸ்ரர் அழவில்லை. "எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கண் மேலே போனது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு முகம் மாறியது.

"அப்ப எனக்கு மீன் தந்தனீங்கள்" என்றார். குரல் ஏறியது. "அம்மா செத்த கிழமை எனக்கு மீன் தந்தனீங்களடா! துடக்குக்குள்ளை என்னைத் தலை சூப்ப வைச்சிட்டியள்! நீங்கள் எல்லாம் மனிசரோ? நீங்கள் மட்டும் தொடாமல்…"

அந்த இடத்தில் நின்றுவிட்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அண்ணை, சகோதரர்கள், நான்.

"நீங்கள் மட்டும் தொடாமல்…" என்று மெல்லத் திரும்பவும் சொன்னார். "அம்மாவுக்கோ?"

அண்ணை தலையை ஆட்டினார்.

"நீரும்?" என்று என்னைக் கேட்டார். "அப்ப அந்தக் கடி?"

"கடியெல்லாம் இல்லை மாஸ்ரர். பருப்புத் திண்டு வாயுத்தான்."

அதன்பிறகுதான் அழுதார். அண்ணை கோட்டோடு கட்டிப்பிடித்தார். கடைசியில் எல்லோரும் அழுதோம். டொக்ரர் மூலையில் நின்று சால்வையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். நேர்ஸ் எட்டிப் பார்த்தாள், பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அழுது முடிய மாஸ்ரர் தேத்தண்ணி கேட்டார். எங்கே ஊற்றியது, ஆர் ஊற்றியது என்று கேட்காமல் குடித்தார்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. டொக்ரர் அவரை எங்களோடு வீட்டுக்கு அனுப்பினார். கிழமைக்கொரு தடவை கூட்டிக்கொண்டு வா, தனியே அனுப்பாதே என்று எனக்குக் கட்டளை.

முப்பத்தொன்றுக்கு இன்னும் கொஞ்ச நாள் மிச்சம் இருந்தது. அந்த நாளும் மாஸ்ரர் எங்களோடு பருப்பே சாப்பிட்டார். முப்பத்தொன்றில் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு, கார்ப் பக்ரறியில் வேலை செய்த ஓர் ஐயரைப் பிடித்தோம். ஸ்காபரோ வாவிக்கரையில், ஐஸ் விலகின ஒரு துண்டில் மாஸ்ரர் காலை நனைத்தார். ஐயரின் மந்திரத்தைவிடப் பல்லு அடிக்கிற சத்தம்தான் கூடக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. டொக்ரரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பாண் பட்டர் இல்லை, கரண்டி இல்லை என்று அண்ணை கலங்கிக்கொண்டிருக்க, அவர் வந்து சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, சால்வையைப் பின்னால் எறிந்துவிட்டு நிலத்தில் சம்மணம் கட்டினார். எங்களைவிடச் சுத்தமாகக் கையால் சாப்பிடத் தெரிந்தவர்.

மீன் நான்தான் காய்ச்சினேன். பரிமாறியது மாஸ்ரர். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டு, கணக்குப் படிப்பித்த கை. தலையை டொக்ரருடைய கோப்பையில் வைத்தார். தன்னுடையதைப் போட்டுக்கொண்டு இருந்தார், தொடவில்லை. நாங்கள் சாப்பிடுகிறதைப் பார்த்தார்.

நான் முதல் வாய் வைத்தேன். உப்பு. கடல் முழுக்கச் சட்டிக்குள் இறங்கினமாதிரி உப்பு. துடக்குக் கழிந்த வீட்டில் முதல் மீன், டொக்ரர் வேறு இருக்கிறார். பேசாமல் விழுங்கினேன். அண்ணை முகட்டைப் பார்த்துக்கொண்டு விழுங்கினார். சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டொக்ரர் தண்ணீரை எடுத்தார். அறையில் பிறிட்ஜ் இரைவது மட்டும் கேட்டது.

மாஸ்ரர் ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, திரும்பவும் ஒளிக்கிறியளோ?" என்றார். "உப்புக் கூடிப்போச்சு."